உன் தங்கைக்கு நீ எழுதிய பாட்டு

நீ எழுதும் கடிதத்தில் முதலில் பிள்ளையார் சுழி இருக்கும். அப்புறம் என் திருவடிக்கு நமஸ்காரம் இருக்கும். அப்புறம் மழை, வெயில், மாடு கன்று எல்லாம் விசாரித்துவிட்டு, அடியில் போய் உனக்கு வேண்டியது இருக்கும். எனக்கு அவ்வளவு தூரம் சுற்றி வரத் தெரியாது. குப்புவை நெட்டப்பாக்கத்துக்குக் கொடுக்க மாட்டேன். அஞ்சலை செத்த வீட்டுக்கு, அஞ்சலையின் புருஷனுக்கு, இரண்டாம் தாரமாக அவள் தங்கையைக் கொடுக்க மாட்டேன். வருகிற புதன்கிழமை தட்டு எடுத்து வருகிறார்கள், வீட்டை மெழுகி வை என்று எழுதியிருக்கிறாய். வீடு மெழுகித்தான் இருக்கிறது. அது அவர்களுக்காக இல்லை.

இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. உன் தங்கையைப் பற்றி நீ எழுதியதை அச்சுப் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தாய். நான் எழுதுவதையும் ஊர் படிக்கட்டும். குப்பு இதைப் பார்த்துப் படி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று உனக்கு, ஒன்று நெட்டப்பாக்கத்துக்கு, ஒன்று நீ தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியாருக்கு. எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் இப்போது இல்லை.

அவள் யார் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். நீ பாகூர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது உனக்கு மத்தியானக் கஞ்சி கொண்டுவந்தது அஞ்சலை. மணி அடித்து நீ குடித்து முடித்துத் தூக்கை வெளியே வைக்கும் வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். அங்கே உட்கார்ந்தே அவள் படித்தாள். வாத்தியார் உங்களுக்குச் சொன்னதை அவள் சாயங்காலம் எனக்குச் சொல்லுவாள், நெல் காயப்போட்ட களத்தில் விரலால் எழுதிக் காட்டுவாள். அவளையும் சேர்த்துவிடுங்கள் என்று உன் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். கரும்பு வெட்டு நேரம் அது, கையாள் இல்லை என்றார். நானும் விட்டுவிட்டேன். ஒரு வீட்டில் ஒருத்தன் படித்தால் போதும், அவன் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். நீ எங்களைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? மடையைக் காவல் இருடா என்று உன்னை உட்காரவைத்துவிட்டு உன் அப்பா போனார். நீ தூங்கிவிட்டாய். ஏரித் தண்ணீர் பக்கத்து வயல்காரர் நாற்றங்காலில் பாய்ந்து, முளை விட்ட விதை எல்லாம் மிதந்தது. அவர் மண்வெட்டியோடு வந்து நின்றார். நீ பயப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பாடினாய்:

தண்ணிக்குக் காலில்லை, தானே நடந்தது;
கண்ணுக்குள் தூக்கமே காவலைத் தின்றது.

அந்த மனுஷன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா இவன், நாலு மூட்ட வெதய தண்ணியில வுட்டுட்டு பாட்டு பாடறான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் சிரித்தேன். உன்னைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். முந்தானையில் முடிந்திருந்த வெல்லத்தை எடுத்து உன் வாயில் போட்டேன். அடித்திருக்க வேண்டும். செய்த தப்பை ஒருத்தன் அழகாகச் சொன்னால் தப்பு போய்விடும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டுவதற்கு முன்னால் அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். இனிமேல் திட்டுகிறேன்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் நம்முடையது. நெட்டப்பாக்கத்துக்காரர்கள் மகனுக்கு அஞ்சலை, அவர்கள் மகள் உனக்கு. ஒரே பந்தலில் இரண்டு கல்யாணமும் முடிந்தது. செலவு பாதி, சொந்தம் இரட்டிப்பு என்று எல்லோரும் மெச்சினார்கள். அதில் உள்ள முடிச்சை யாரும் வாய் திறந்து சொல்லுவதில்லை. அங்கே இவள் அடிபட்டு இங்கே ஓடி வந்தால், அடுத்த நாளே அவர்கள் வண்டி கட்டி வந்து தங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு இன்னொரு பெண் பணயம். உன் பெண்டாட்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் நல்லவள், வாய் பேசாதவள். அவளை வைத்து நீ செய்ததைத்தான் சொல்கிறேன்.

அஞ்சலை மூன்று தடவை வந்தாள். முதல் தடவை முன்பல் உடைந்து வந்தாள், கிணற்றடியில் வழுக்கியது என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். நீ கொண்டுபோய் விட்டாய். இரண்டாம் தடவை கை வீங்கி வந்தாள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று சொல்லி நீ கொண்டுபோய் விட்டாய். மூன்றாம் தடவை பங்குனி மாதம், வெயில் ஏறுவதற்குள் நெட்டப்பாக்கத்திலிருந்து நடந்தே வந்துவிட்டாள். வயிற்றில் ஐந்து மாதம். காலில் செருப்பு இல்லை. நீ லீவுக்கு வந்திருந்தாய். அவள் உன்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "அண்ணா, இந்த வாட்டி மட்டும் என்னிய அனுப்பாத, மாட்டுக் கொட்டாயில படுத்துக்கறேன்." நீ அவள் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சோறு போட்டு அனுப்பும்மா, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனாய்.

நான் என்ன செய்தேன் என்றும் எழுதுகிறேன். உன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழு மாதம். அவளை அவர்கள் கூட்டிக்கொண்டு போனால் என் பேரப்பிள்ளை எங்கே பிறக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் அஞ்சலையை உட்காரவைத்து, தலைக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்துச் சீவி, பின்னல் போட்டு, குங்குமம் வைத்து அனுப்பினேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். கூண்டு வண்டியின் பின்படுதாவைக் கட்டியது என் கை. நாற்பது நாள் கழித்து ஆள் வந்தது. அடுப்படியில் மயங்கி விழுந்தாள், அப்படியே போய்விட்டாள் என்றார்கள். எப்படிச் செத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குளிப்பாட்டும்போது அவள் முதுகைப் பார்த்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

அன்றைக்குத்தான் நீ அந்தக் காரியம் செய்தாய். நானும், சோரியாங்குப்பத்திலிருந்து வந்த என் தங்கையும், நம் தெருப் பெண்களும் தலையை விரித்துக்கொண்டு அவர்கள் தெருவுக்குள் நுழைந்தோம். நீ எதிரில் வந்து நின்றாய். பட்டணத்திலிருந்து உன் கூட வேலை செய்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், ஊர்த் தலைவர் கொம்யூன் மேர் வருகிறார், ஒப்பாரி வேண்டாம் என்றாய். "மாரடிச்சு என் மானத்த வாங்காதீங்க" என்றாய். மானம் போகும் என்பதற்காக நீ தடுக்கவில்லை. எழவு வீட்டில் பெண்கள் பாடுவதற்கு யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். மாமியாரைப் பாடலாம், மாப்பிள்ளையைப் பாடலாம், கூடப் பிறந்தவனையும் பாடலாம். பாடப்பட்டவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்க வேண்டும். நான் வாயைத் திறந்தால் எந்தப் பெயர்கள் வரும் என்று உனக்குத் தெரியும். என் மகள் பாட்டில்லாமல் போனாள். கோடிச் சேலையைப் போட்டுவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பதினாறாம் நாள் நீ உன் பாட்டைக் கொண்டுவந்தாய். ரோஸ் நிறக் காகிதம், சுற்றிக் கறுப்புக் கோடு, மேலே அவள் பெயர், கீழே அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் உன் பெயர். செத்தவர்களுக்கு இப்படி அச்சடித்துக் கொடுப்பதற்குச் சரமகவி என்று பேர் என்றும், இது பதினாறு பாட்டு என்றும், ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு ஆரம்பிக்கும், அதற்கு அந்தாதி என்று பேர் என்றும் வந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாய். பிறகு ராகம் போட்டுப் படித்தாய். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். நெட்டப்பாக்கத்துக்காரர்கள் அழுதார்கள். அவள் புருஷன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் அழுதேன். நல்ல பாட்டு அது. என் வயிறு எரிவதே அதனால்தான். கெட்ட பாட்டாக இருந்தால் அன்றோடு மறந்திருப்பார்கள்.

ஒரு வருஷமாக அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். உன்னைப் போல வேகமாகப் படிக்கிறவர்களுக்கு ராகம் காதில் விழும். என்னைப் போல ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போகிறவளுக்கு, எந்தச் சொல் எதற்காக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். நாலாம் பாட்டில் எழுதியிருக்கிறாய்:

மல்லிகை சூடிய மங்கையர் திலகம்
இல்லறம் காத்த இளங்கொடி எங்கே

அஞ்சலை என்றைக்கு மல்லிகை சூடினாள்? மல்லிகை வாசம் பட்டால் அவளுக்குத் தலைவலி வரும். கனகாம்பரம்தான் வைப்பாள். அது உனக்குத் தெரியும். ஆனால் அடுத்த அடி இல்லறம் என்று ஆரம்பிக்கிறதே, அதற்கு எதுகை வேண்டுமே. ஒரு எழுத்துப் பொருந்துவதற்காகச் செத்தவள் தலையில் அவளுக்கு ஆகாத பூவை வைத்தாய். இது சின்ன விஷயம் என்பாய். ஏழாம் பாட்டுக்கு வா.

பொன்மனை புகுந்தாள் பூமகள் போலே
இன்முகம் காட்டி இருந்தனள் அன்றே

பொன்மனை! மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போடும் இடத்தில் அவள் படுத்தாள். இன்முகம் என்றால் சிரித்த முகம்தானே? பல் உடைந்த நாளிலிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசினாள், சிரிக்கும்போது திரும்பிக்கொள்வாள். முதலில் ஒரு பொய். அந்தப் பொய்க்கு ஓசை பொருந்துகிற இன்னொரு பொய். இரண்டும் சேர்ந்து வரும்போது காதுக்கு அது நிஜம் மாதிரி ஆகிவிடுகிறது. இந்த வித்தை கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கொள்கிறேன். பதினாறு பாட்டிலும் தேடிப் பார்த்தேன், ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை. கொடி வாடியது. நிலவு மறைந்தது. விளக்கு அணைந்தது. காலன் கவர்ந்தான். அடித்தவன் இல்லை, வண்டி பூட்டினவன் இல்லை, தலை சீவி அனுப்பினவள் இல்லை. ஒன்பது வயதில் தண்ணீர் தானாக நடந்தது. உன் முப்பது வயதில் உன் தங்கை தானாக அணைந்தாள்.

ஒப்பாரி படிக்காத பெண்கள் கத்துவது என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் கட்டு இருக்கிறது. இரண்டு அடி. முதல் அடி பொய் சொல்லலாம். தங்கத் தொட்டில் என்போம், முத்துப் பந்தல் என்போம். நம்மிடம் தங்கம் இல்லை என்று கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்க வேண்டியது என்று காட்டத்தான் அந்தத் தங்கம். இரண்டாம் அடி பொய் சொல்லக் கூடாது. அது அந்த உயரத்திலிருந்து கீழே விழும் அடி. அதன் கடைசியில் இழுத்து நிறுத்துவோம், மற்றப் பெண்கள் அழுது முடிக்கும் வரைக்கும். அந்த நேரத்தில்தான் சொன்னது எல்லோருக்கும் உறைக்கும். அஞ்சலைக்கு நான் கட்டிவைத்திருப்பது இப்படிப் போகும்:

தங்கச் செருப்பு மாட்டித் தாய்வூடு நீ வந்தே
தட்டுச்சோறு ஆறுமுன்னே வண்டிமாடு பூட்டினாங்க

செருப்பே இல்லாமல் வந்தவளுக்குத் தங்கச் செருப்பு போட்டிருக்கிறேன். நீ வைத்த மல்லிகையும் நான் போட்ட செருப்பும் ஒன்றா? நீ பொய்யைப் பொய்யால் மூடினாய். நான் பொய்யைக் கழற்றி நிஜத்தைக் காட்டுகிறேன். உன் பாட்டைக் கேட்டவன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். என் பாட்டைக் கேட்டவனுக்கு மாடு பூட்டினது யார் என்று கேட்கத் தோன்றும்.

உன் பாட்டில் ஒரே ஒரு நிஜம் இருக்கிறது. அது உனக்குத் தெரியாமல் வந்தது. அந்தாதி என்றாயே, அதுதான். ஒரு பாட்டு முடிந்தால் மூச்சு விட இடமில்லை. முடிந்த சொல்லே அடுத்த வாசலில் கொண்டுபோய் விடுகிறது. வெளியே போக வழி கிடையாது. நம் வீட்டுக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் நடுவே அவள் அலைந்த அலைச்சல் அப்படியே அதில் இருக்கிறது. வந்தாள், வந்த வாசலிலிருந்தே திரும்பினாள், திரும்பின இடத்திலிருந்து வந்தாள். சொல்லில் நீ மறைத்ததைக் கட்டுக்கோப்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைசிப் பாட்டு எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

விளக்கொன் றணைந்தால் வேறொரு விளக்கை
அளக்கரும் அன்பால் ஏற்றுதல் அறமே

நல்ல வார்த்தைதானே என்று விட்டுவிட்டேன். ஆடி மாதம் குப்பு அதைப் படித்துக்கொண்டிருந்தவள் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எம்மா, அந்த வேற வெளக்கு நாந்தாம்மா" என்றாள். "போடி, பாட்டுல வர்றத எல்லாம் எடுத்து உம்மேல பூசிக்காத" என்று அதட்டினேன். அவள் விடவில்லை. "வூட்டுல எண்ண ஊத்தி வெச்சிருக்கற வெளக்கு வேற எது கீது?" என்றாள். பதினேழு வயசுப் பெண், அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வாள். நான் மட்டும் நம்பவில்லை. என் பிள்ளை அப்படி நினைக்க மாட்டான் என்று இருந்தேன்.

வருஷத் திவசம் முடிந்த எட்டாம் நாள் உன் கடிதம் வந்தது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது, குப்புவைக் கொடுத்துவிடலாம், அந்த வீடு நல்ல வீடு என்று ஊரே என் கவியைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்போதுதான் முழுதும் விளங்கியது. அவள் போன பதினாறு நாளுக்குள், சாம்பல் ஆறுவதற்குள், நீ அடுத்தவளுக்கு நாள் குறித்துவிட்டாய். பொன்மனை என்று எழுதியது செத்தவளுக்காக இல்லை, போகப் போகிறவளுக்காக. கடைசிச் சொல் அறமே. முதல் பாட்டு, அறமே உருவாய் அவதரித் தாளை என்று ஆரம்பிக்கிறது. மாலை கட்டின மாதிரி நுனியும் நுனியும் சேர்கிறது என்று நீ பெருமையாகச் சொன்னாயே, சேர்ந்துதான் இருக்கிறது. குப்புவோடு முடிந்து மறுபடி அஞ்சலையிலிருந்து ஆரம்பிக்கிறது. வண்டி அதே வண்டி, பாதை அதே பாதை, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண் மட்டும் வேறு.

கொடுக்கவில்லை என்றால் உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம் காட்டியிருக்கிறாய். அவளைக் கேட்டாயா? கேட்டுப் பார். போக மாட்டேன் என்று அவள் சொன்னால் வாசலில் நின்று மறித்துக்கொள். அது ஆண்பிள்ளை செய்கிற காரியம். உன் பெண்டாட்டியைக் காப்பாற்ற என் மகள்களை ஒவ்வொருத்தியாக அனுப்ப முடியாது. ஒருத்தியை அனுப்பின பாவத்துக்கே எனக்கு இந்த ஜன்மம் போதாது.

புதன்கிழமை நான் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறேன். சோரியாங்குப்பத்திலிருந்து என் தங்கை முதல் நாளே வந்துவிடுவாள். அன்றைக்கு என்னோடு அவர்கள் தெரு வரைக்கும் வந்து திரும்பிய பெண்கள் அத்தனை பேரும் நம் வாசலில் தலையை விரித்து உட்காருவோம். பூவும் பழமும் வெற்றிலையுமாகத் தட்டுகளோடு அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும்போது பாட ஆரம்பிப்போம். நிச்சயத்துக்கு வருகிறவன் காதில் ஒப்பாரி விழுந்தால் அந்தத் தட்டு வாசல்படி தாண்டாது. எவ்வளவு துணிந்தவனும் வண்டியைத் திருப்புவான். அன்றைக்கு நீ பாட விடவில்லை, அதனால் ஒரு வரியும் செலவாகாமல் அப்படியே இருக்கிறது. குப்பு முன்வரிசையில் உட்காருகிறாள், அவள்தான் முதல் குரல் எடுக்கிறாள்.

என் பாட்டில் மூன்று பெயர் வருகிறது. முதலில் வருவது என் பெயர். அந்த இடம் இது:

வெள்ளிச் சீப்பெடுத்து வெளக்கெண்ண நான் தடவி
வெட்டுற கத்திகிட்ட வெள்ளாட்ட அனுப்பிவெச்சேன்

அடுத்தது அவள் புருஷன் பெயர். மூன்றாவது உன் பெயர். உனக்குப் புதன்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. நீயே நெட்டப்பாக்கம் போய், என் தங்கையைக் கொடுக்க மாட்டேன் என்று உன் வாயால், ராகம் இல்லாமல், எதுகை இல்லாமல் சொல்லிவிட்டு வந்தால், உன் பெயர் வரும் அடியைப் பாடாமல் விடுகிறேன். என் பெயர் வரும் அடியை விட மாட்டேன்.

மூன்று பேரைப் பெற்று இரண்டு பேரை வைத்திருப்பவள்,
உன் அம்மா.